ஸ்பீக்கர் பெட்டிக்குள் நாலரைச் செங்கல்

ஸ்பீக்கரைக் கழற்றியபோது அறையில் இருந்தவர்கள்: நான், உன் மகள், என் மகன், என் மருமகள், பூஜை அலமாரியில் முருகன். ஆக ஐந்து பேர். முருகனையும் ஆள்கணக்கில் சேர்ப்பது என் வழக்கம். அதற்காக நீ என்னை எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறாய்.

பெட்டியைக் கோவிலிலிருந்து உன் மகள்தான் மகர்பட்டாவில் என் மகன் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஸ்பீக்கர் தாளைச் சுற்றியிருந்த நுரை விளிம்பு பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. கமிட்டியில் இப்போது இருக்கும் பையன்கள், கடையில் புதிதாக ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு இதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்கிறார்களாம். "அம்மா செஞ்சது ஆன்ட்டி. எப்படிப் போடறது?" என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

நாலு ஸ்க்ரூவையும் எடுத்த பிறகு ஓட்டைக்குள் கையை விட்டாள். ஒரு துணிப் பொட்டலம் வந்தது. பிரித்தால் செங்கல். அடுத்த பொட்டலத்திலும் செங்கல். நாலு முழுச் செங்கல், ஒரு அரைச் செங்கல். தரையில் வரிசையாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வெயிட் காட்டறதுக்குப் போட்டிருப்பாங்க" என்றான் என் மகன்.

"வெயிட்டுக்கு இல்லடா. அளவுக்கு."

"செங்கல்ல என்னம்மா அளவு?"

"ஆன்ட்டி, இது யாரு சொல்லிக் குடுத்தது? அம்மா கம்பெனி இன்ஜினியரா?"

"யாரும் இல்ல. நானும் உங்கம்மாவும் பால் பாக்கெட்டை வச்சுக் கண்டுபிடிச்சோம்" என்றேன். மருமகள் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று யோசிப்பதுபோல நின்றாள்.

நான் அதற்குள் பொட்டலத் துணியை மடியில் எடுத்து வைத்திருந்தேன். உன் மாம்பழக் கலர் வாயில் புடவை. வெளிக்காற்று படாமல் இத்தனை வருஷம் அடைந்து கிடந்ததில் நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. முகர்ந்து பார்த்தேன். மெழுகும் ஊதுபத்தியும் கலந்த வாசனை. தேஹு ரோட்டில் உன் வீட்டு முன்னறைக்கு அந்த வாசனைதான். உன் மகளுக்கு நடந்ததையெல்லாம் வாயால் சொல்லிவிட்டேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும்தான் வரும் என்பதால், எழுத வேண்டியதை உனக்கு எழுதுகிறேன்.

கல்யாணமாகி நான் புனேப் பக்கம் தேஹு ரோட்டுக்கு வந்தபோது எனக்கு ஹிந்தியில் எண்கள் மட்டும்தான் தெரியும். கரூர்ப் பக்கத்திலிருந்து அரிசிப் படி, ஒரு முருகன் படம், பத்தாவது வரை படித்த படிப்பு, இவற்றோடு வந்தேன். நீ அங்கேயே பிறந்தவள். உன் அப்பா ராணுவ டிப்போவில் வேலை பார்த்தவர். நீயோ தினமும் லோக்கல் ரயில் பிடித்து பிம்ப்ரிப் பக்கம் ஒரு ரேடியோ கம்பெனிக்குப் போய், வரிசையாக வரும் ஸ்பீக்கர்களைச் சோதித்துப் பார்க்கும் மேஜையில் உட்கார்ந்தாய். மூன்று பாஷையைக் கலந்து நீ பேசும் தமிழை முதல் மாதம் எனக்குப் பாதிதான் புரிந்தது. நான் வீட்டுச் செலவைப் பைசா விடாமல் எழுதுவதைப் பார்த்துவிட்டு எனக்குக் கணக்குப்பிள்ளை என்று பேர் வைத்தாய். "சலோ கணக்குப்பிள்ளை, பஜனைக்கு நேரமாச்சு" என்று நீ கதவைத் தட்டும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பஜனைதான் நமக்குள் இருந்த முடிச்சு. நான் பாட்டுக் கட்டுவேன், நீ டோல்கி வாசிப்பாய், இன்னும் எட்டுப் பெண்கள் பின்பாட்டு. ஆனால் பங்குனி உத்திரத்தன்று நமக்குக் கிடைத்த நேரம் மத்தியானம் இரண்டு மணி. அந்த நேரத்தில் கோவில் ஹாலில் யார் இருப்பார்கள்? இலை எடுப்பவர்களும், சாப்பிட்டுவிட்டுத் தூண் ஓரமாகக் கண்ணயர்ந்தவர்களும். சாயங்காலம் கூட்டம் வரும்போது மைக்கின் முன்னால் ஆண்கள் இருப்பார்கள்.

நாம் இரண்டு பேரும் கமிட்டிக்குப் போய் சாயங்கால நேரம் கேட்டோம். டிப்போவில் சூப்பர்வைசராக இருந்த செயலாளர், நல்ல மனுஷர்தான், தன்மையாகவே சொன்னார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. போன வருஷம் நானும் உக்காந்து கேட்டேன். டோல்கி மட்டும்தான் கேக்குது. நீங்க பாடறது முருகனைப் பத்தியா, முருங்கைக்காயைப் பத்தியான்னு பின் வரிசைக்குத் தெரியலை."

ஆண்கள் பக்கம் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார், பிறகு என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நீ சிரிக்கவில்லை. "தெரிஞ்சா?" என்றாய்.

"தெரிஞ்சா சாயங்காலமே பாடுங்க. உத்திரத்தன்னிக்கு அபிஷேகம் முடிஞ்சதும் நான் கடைசி வரிசையில உக்காருவேன். புதுப் பாட்டு ஒண்ணு பாடுங்க, எனக்கு முன்னாடியே தெரியாத பாட்டா. வார்த்தை புரிஞ்சா சாயங்காலம். இல்லேன்னா இந்த வருஷமும் மத்தியானம்."

வீட்டுக்கு வரும் வழியில் நீ சொன்னாய்: "அவர் சொன்னது உண்மைதான். கோவில் ஹார்ன் ஸ்பீக்கர்ல உன் குரல் தகரத்தைக் கீறற மாதிரி இருக்கு. ஹாலுக்குள்ள ஒரு நல்ல பெட்டி வேணும். நாமே செய்யலாம்."

"நாமளா?" என்று கேட்டேன். இன்றைக்கு உன் மகள் கேட்ட அதே தொனியில்.

ரேடியோச் சாமான் கடைகள் இருக்கும் புத்வார் பேட்டுக்குப் போய் எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று வாங்கினோம். முதலில் உன் வீட்டில் கிடந்த பழைய ரேடியோப் பெட்டியில் அதை வைத்து, இடுக்கெல்லாம் மெழுகு விட்டு அடைத்து, நம் ஒத்திகைக் கேசட்டைப் போட்டோம். டோல்கியில் நீ எந்த இடத்தில் அடித்திருந்தாலும் ஒரே 'தும்'. அந்தத் 'தும்' வந்து என் வார்த்தைகளை மூடியது. செயலாளர் சொன்னது அப்படியே நடந்தது, இன்னும் பெரிதாக.

"டப்பா சின்னது" என்றாய். "தாள் பின்னாடி போறப்ப உள்ள அடைச்ச காத்து ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துத் தள்ளும். டப்பா சின்னதுன்னா ஸ்பிரிங் ரொம்ப டைட்டு. எதை அடிச்சாலும் ஒரே இடத்துல குதிக்கும். பெருசுன்னா லூஸு, தாள் அடங்காம ஆடும். நடுவுல ஒரு அளவு இருக்கு. அதைத்தான் பிடிக்கணும்."

"பாயசத்துக்கு வெல்லம் மாதிரி."

"எல்லாத்தையும் அடுப்புல ஏத்தாதே."

அந்த நடு அளவுக்குக் கம்பெனியில் ஒரு சூத்திரம் இருந்தது. நீ எழுதிக்கொண்டு வந்தாய். ஸ்பீக்கரோடு வந்த தாளில் இரண்டு எண்கள். ஒன்று, அதன் விளிம்பு எத்தனை லிட்டர் காற்றுக்குச் சமமான விறைப்பு என்பது. இன்னொன்று, அது தானாக எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பது. புள்ளி ஏழு என்பதை இரண்டாவது எண்ணால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, ஒன்றைக் கழித்து, மிஞ்சியதால் காற்று எண்ணை வகுக்க வேண்டும். நான் என் மகனின் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு புள்ளிக் கணக்கைத் திரும்பப் பழகினேன். இரண்டு பேருக்கும் தனித்தனியாக ஒரே விடை வந்தது: இருபத்து நாலு லிட்டர். அன்றைக்கு நான் முருகனுக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். பத்தாவதோடு நின்ற எனக்குக் காற்றை அளக்க வருகிறது என்ற சந்தோஷம்தான்.

டிப்போவில் கழித்து விற்ற கனமான மரப்பெட்டி ஒன்றை உன் வீட்டுக்காரர் கொண்டுவந்தார். உள்ளே மூலைக்கு மூலை கட்டை, நடுவில் சாய்ந்த சட்டம். ஸ்கேல் வைத்து அளந்தால் கட்டைகளைக் கழிப்பதிலேயே குழப்பம். "அரிசியைக் கொட்டி அளந்தா?" என்றேன். பிரசாதத்துக்கு வந்த அரிசி மூட்டை என் வீட்டில்தான் இருந்தது. உன் லிட்டர் டப்பாவோடு என் படியை ஒத்துப் பார்த்தோம். மூன்று படிக்கு நாலு லிட்டர் சரியாக இருந்தது. இருபத்து நாலு லிட்டருக்குப் பதினெட்டுப் படி.

நான் மூட்டையிலிருந்து தூக்கில் அளந்து போடுவேன். தூக்கு நாலு படி பிடிக்கும். நீ பெட்டியருகே உட்கார்ந்து, நான் வாய்விட்டு எண்ணுவதைக் கேட்டுப் பழைய பேப்பரில் கோடு போடுவாய். தூக்கு நிறைந்ததும் பெட்டியில் கொட்டுவோம். நீ "பதினெட்டு, பஸ், போதும்" என்றதும் நிறுத்தினேன். அரிசியைப் பரப்பிச் சமமாக்கிக் கோடு கிழித்தோம். தச்சர் அந்தக் கோட்டில் பெட்டியை வெட்டி மூடிக் கொடுத்தார். ஊதுபத்தியைக் கொளுத்திச் சந்து சந்தாகக் காட்டி, புகை ஆடிய இடத்திலெல்லாம் மெழுகு வைத்தோம்.

உத்திரத்துக்கு முந்தின நாள் காலையில் கேசட்டைப் போட்டோம். வார்த்தை கேட்டது. ஆனால் டோல்கிக்கு உடம்பே இல்லை. ஹாலுக்கு வேண்டிய சத்தத்துக்கு ஏற்றினால், நீ இடது கையால் அழுத்தி அடித்த இடங்களிலெல்லாம் ஸ்பீக்கர் தாள் எங்கோ போய் முட்டி, 'படக், படக்' என்றது.

"லூஸா இருக்கு" என்றேன்.

"இருக்காது. இருபத்து நாலு லிட்டர். கணக்கு சரி."

"கணக்கு சரிதான். காதுக்கு லூஸா இருக்கே."

"உன் காது பஜனைக் காது. கணக்கு கம்பெனிக் கணக்கு."

எனக்குச் சுருக்கென்றது. நீ சொன்னதால் மட்டும் இல்லை; அந்தக் கணக்கை நானும் போட்டிருந்தேன், அதுதான். அதையும் நம்பினேன், காதையும் நம்பினேன்.

பெட்டியைத் திரும்ப வெட்ட நேரமில்லை. ஓட்டை வழியாக ஏதாவது போட்டு உள்ளே இருக்கும் காற்றைக் குறைத்துப் பார்க்கலாம் என்றேன். அரிசியைப் போட்டால் மணிக்கு மணி நடுவில் காற்று இருக்கும் என்றாய். காற்றே இல்லாத, அளவு தெரிந்த பொருள் வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உன் ஃபிரிட்ஜைப் பார்த்தோம். மறுநாள் அபிஷேகத்துக்காக அரை லிட்டர் பால் பாக்கெட்டுகள் அதில் அடுக்கியிருந்தன.

"சாமிக்கு வந்த பால்" என்று நான் கையைப் பின்னுக்கு இழுத்தேன்.

நீ ஒரு பாக்கெட்டை எடுத்து முந்தானையால் துடைத்தபடியே சொன்னாய்: "அரே, முருகன் கேக்கத்தானே பாடறோம். பால் ஒரு நாள் முன்னாடி கேட்டுட்டுப் போகட்டும்."

நான் முருகனிடம் மனதுக்குள் உத்தரவு கேட்டுக்கொண்டு ஓட்டைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். எத்தனை போட்டாய் என்று சொல்லாதே என்றேன். நீ ஸ்க்ரூவைக் கழற்றுவதும், பாக்கெட்டுகளைச் செருகுவதும், திரும்ப மாட்டுவதும், கேசட்டைத் தட்டுவதுமாக இருந்தாய். கொஞ்சம் கொஞ்சமாக டோல்கிக்கு உடம்பு வந்தது. 'படக்' தேய்ந்து நின்றது. நீ ஒரு தரம் வேண்டுமென்றே அளவு மீறிப் போட்டு, பழைய 'தும்' திரும்பி வருகிறதா என்று என்னைச் சோதித்தாய். "ரெண்டு மூணு எடு" என்றேன். எடுத்தாய். என் குரல் முன்னால் நின்றது, உன் கை அதன் பின்னால் நின்றது, ஒன்றை ஒன்று இடிக்காமல். "இதுதான்" என்றேன்.

நீ வெளியே மிச்சமிருந்த பாக்கெட்டுகளை எண்ணினாய். பிறகு, "பதினாறு பாக்கெட்" என்றாய். "எட்டு லிட்டர் போச்சு. மிச்சம் பதினாறுதான். பாகல், பைத்தியமா இது? பதினாறு லிட்டர்ல இந்த ஸ்பீக்கர் இப்படிப் பேசவே கூடாது."

"பேசுதே."

"அப்போ சூத்திரம் தப்பா?"

"நான் அப்படிச் சொல்லலை."

"என் வேலை அதுதான். அது தப்புன்னா நான் தினமும் அங்க என்ன பண்றேன்?"

உன் முகத்தைப் பார்த்து எனக்கு வருத்தமாகிவிட்டது. சமாதானம் சொல்லத் தெரியாமல், சர்க்கரைப் பொங்கலுக்கு அரிசி எடுத்து வைக்க என் வீட்டுக்குக் கிளம்பினேன். நீயும் கூடவே வந்து மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டாய். நான் படியை நிறைத்துத் தூக்கில் கொட்டினேன்.

"லாபம். ரெண்டு. மூணு. நாலு."

"ஒண்ணு எங்கடி?"

"எந்த ஒண்ணு?"

"லாபம்னு சாமி கும்பிட்டுட்டு நேரா ரெண்டுங்கறே. ஒண்ணை எங்க விட்டே?"

"லாபம்தாண்டி ஒண்ணு. முதல் படியை ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம். எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் அளப்பாங்க."

நீ மூட்டையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாய். கோடு போட்ட பேப்பர் உன் வீட்டில் இருந்தது. ஆனால் அது தேவைப்படவில்லை, உனக்கு முழுக்க ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு தூக்கிலும் 'லாபம்' என்பதை நீ சின்னதாக ஒரு வேண்டுதல் என்று நினைத்து, ரெண்டுக்கு ஒரு கோடு, மூணுக்கு ஒரு கோடு, நாலுக்கு ஒரு கோடு என்று போட்டிருந்தாய். தூக்குக்கு மூன்று கோடு. பதினெட்டுக் கோட்டுக்கு ஆறு தூக்கு. ஆறு தூக்குக்கு ஆறு லாபம் கோடில்லாமல் பெட்டிக்குள் போயிருந்தது. நாம் கொட்டியது இருபத்து நாலு படி. முப்பத்திரண்டு லிட்டர்.

"அதுல எட்டு லிட்டர் கழிச்சா?" என்று நான் ஆரம்பித்தேன்.

"இருபத்து நாலு" என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம்.

நீ சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாய். அன்று அரிசி மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாய். "சூத்திரத்துலயும் ஒண்ணு கழிக்கச் சொல்லியிருக்கு, உன் படியிலயும் ஒண்ணு கழிஞ்சிருக்கு" என்றாய். நிமிர்ந்தபோது புருவத்தில் அரிசி மாவு. பிறகு என் இரண்டு காதையும் பிடித்துத் திருகிவிட்டுச் சொன்னாய்: "கம்பெனி மீட்டர்டி இது. பஜனைக் காது இல்லை. நான் சொன்னதை வாபஸ் வாங்கிட்டேன்."

இத்தனை வருஷத்தில் என் பாட்டுக்காக யார் யாரோ பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். அந்தக் காதுத் திருகலுக்கு ஈடாக ஒன்றையும் நான் வைப்பதில்லை.

பால் சாமிக்குப் போக வேண்டும். அதே இடத்தை அடைக்கக் குவார்ட்டர்ஸ் பின்னால் கிடந்த செங்கலைக் கழுவிக் காயவைத்து அளந்தோம். நாலரை வந்தது. உள்ளே ஆடிச் சத்தம் போடாமலிருக்க எதிலாவது சுற்ற வேண்டும். நீ பீரோவைத் திறந்து யோசிக்காமல் அந்த மாம்பழக் கலர் புடவையை எடுத்துக் கிழித்தாய். "நல்ல புடவைடி" என்றேன். "நல்ல பாட்டுக்குத்தானே" என்றாய்.

மறுநாள் அபிஷேகம் முடிந்ததும் செயலாளர் சொன்னபடியே கடைசி வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உன் டோல்கி ஆரம்பித்தது. நம் பக்கத்து ஆற்றை வைத்து நான் அந்த வாரம் கட்டிய புதுப் பாட்டை எடுத்தேன்.

"பவனா ஆற்றில் முழுகி எழுந்து பழனியை மறந்த பாலகனே."

இரண்டாவது அடி முடிவதற்குள் அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். எழுந்து நடந்து வந்தார்.

"ஏம்மா, பழனியை மறந்துட்டான்னு பாடலாமா? மறப்பானா? வேற வார்த்தை போடுங்க."

நீ டோல்கியிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாய்: "மறந்தான்னு கேட்டுச்சா சார், கடைசி வரிசைக்கு?"

அவரே சிரித்துவிட்டார். "சாயங்காலம் ஏழு மணிக்கு வாங்க" என்றார். போகும்போது திரும்பி, "என்ன கம்பெனிம்மா இந்த ஸ்பீக்கர்?" என்று கேட்டார்.

"லாபம் கம்பெனி" என்றாய்.

சாயங்காலம் ஹால் நிறைந்து வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். என் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும், "செஞ்சதும் அவங்கதான், பாடறதும் அவங்கதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து ஏழு மணி பெண்களுடையது. ஒரு உத்திரத்துக்குக்கூட அது மாறவில்லை. நீ இல்லாத முதல் வருஷமும் மாறவில்லை. டோல்கியில் உன் மகள் உட்கார்ந்தாள். கை உன் அளவு வரவில்லை, ஆனால் இடது கை அழுத்தம் உன்னுடையது.

கடைசியாக ஆஸ்பத்திரியில் நான் உன் பக்கத்தில் இருந்தபோது, நர்ஸ் மாத்திரைகளை எண்ணி வைத்தாள். ஒன்று, இரண்டு என்று அவள் ஆரம்பித்ததும் நீ என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாய். லாபம். நானும் அப்படியே சொன்னேன். நீ பேசியதில் எனக்குக் கடைசியாகக் கிடைத்தது அதுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் மகளோடு நேற்று புத்வார் பேட்டுக்குப் போய்வந்தேன். பழைய ஸ்பீக்கர் இப்போது வருவதில்லை. அதே எட்டு அங்குலத்தில் வேறொன்று வாங்கியிருக்கிறோம். அதன் தாளில் இருந்த இரண்டு எண்களையும் வைத்துக் கணக்குப் போட்டேன். என் மகன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிறேன் என்றான். நான் முடித்த பிறகு பார்த்துக்கொள் என்றேன். எனக்கு இருபது லிட்டர் வந்தது, பதினைந்து படி. அவனுக்கும் அதுவே வந்தது. அதற்குப் பிறகு என் மருமகள் என்னிடம் பேசும் குரலே கொஞ்சம் மாறியிருக்கிறது.

ஆக, இன்னும் நாலு லிட்டர் காற்று குறைய, நாலரைச் செங்கலோடு இரண்டேகால் சேர்க்க வேண்டும். புடவைத் துண்டு போதாது. என்னுடைய மயில் கழுத்துக் கலர் புடவையைக் கிழித்து வைத்துவிட்டேன், நல்ல புடவைதான். நாளைக்கு உன் மகள் கேசட்டுக்குப் பதிலாக டோல்கியோடே வருகிறாள். நான் முதுகைக் காட்டி உட்காரப் போகிறேன். காதில் குறை இருந்தால் கணக்கைக் கேட்பேன், கணக்கில் குறை இருந்தால் காதைக் கேட்பேன். இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் ஸ்க்ரூவை இறுக்குவேன். உன்னிடமிருந்து நான் வைத்திருப்பது இதுதான். அரிசி அளப்பதிலிருந்து ஆட்களை எடைபோடுவதுவரை இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

பதினைந்து படி. முதல் படியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சரிதானா என்று நீயும் ஒரு தரம் போட்டுப் பார். உத்திரம் நெருங்கிவிட்டது, சீக்கிரம் பதில் சொல்லு.